வாசனையில்லாத தண்ணீர்

அந்தக் கண்ணாடிக் குடுவையை உடைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைத்தெருவில் இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் என் பெயரை விட்டுவிட்டு அல்ஜியாவின் பெயரை மட்டும்தான் இழுக்கிறார்கள். பீர் அஜ்ரூத் என்ற எங்கள் ஊரின் நீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் ஜீப் ஓட்டினேன். தலைநகரில் கொடுத்த இருபது லிட்டர் குடுவையைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் படுக்கவைத்து, நானூறு கிலோமீட்டர் பத்திரமாகக் கொண்டுவந்து, எங்கள் ஊர் எல்லையில் ஒரு கழுதை குறுக்கே வந்ததென்று பிரேக்கை மிதித்தேன். கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

குடுவை எதற்கென்றால், வாசனையில்லாத தண்ணீரை வைப்பதற்கு. அதைக் கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்க் கிணறுகளில் எல்லாமே உப்புத் தண்ணீர். கொண்டைக்கடலையை இரண்டு நாள் கொதிக்கவிட்டாலும் கல்லாகவே கிடக்கும், சோப்பு நுரைக்காது. குளிக்கவும் துவைக்கவும் அது. குடிக்க, வீட்டுக்கு வீடு தரைக்கடியில் தோண்டி வைத்திருக்கும் மழைத்தொட்டித் தண்ணீர். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அரசாங்கத்துக்கு எங்கள் மேல் கருணை வந்தது. உப்பைப் பிரித்தெடுக்கும் நிலையம் ஒன்றும், மேட்டின்மேல் வெள்ளையடித்த பெரிய தொட்டி ஒன்றும் கட்டினார்கள்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு இருக்கலாம், கிருமி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கெல்லாம் அரசாங்கத்திடம் எண் இருந்தது. சுவைக்கும் வாசனைக்கும் மட்டும் எண் இல்லை. ‘பயனீட்டாளர் ஏற்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி. அந்த வரியை எடுத்துவிட்டு எண் போட வேண்டும் என்று தலைநகரில் ஒரு குழு உட்கார்ந்தது. தெற்கே மூன்று மாவட்டங்களுக்கு எண் சொல்லும் பொறுப்பு, தொட்டி புதிது என்பதால், எங்கள் ஊர் மூக்குகளின் தலையில் விழுந்தது.

அந்த மூக்குகளுக்குத் தலைவி அல்ஜியா. என் பக்கத்து வீடு, இடையில் ஒரே சுவர். கணவர் இறந்த பிறகு ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவ வந்தவள், பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில் தலைநகருக்குப் போய் இரண்டு மாதம் பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு திரும்பினாள். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். எண் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அவளை நிரந்தரம் ஆக்குவதாக அலுவலகத்தில் பேச்சு இருந்தது.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூன்று குப்பிகள். இரண்டில் கரித்தூள் வழியே வடித்த, எந்த வாசனையும் இல்லாத தண்ணீர். ஒன்றில் சோதிக்க வேண்டிய தண்ணீர். வெதுவெதுப்பாக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து, எது வேறு என்று சொல்ல வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், வாசனையில்லாத தண்ணீரைக் கலந்து இன்னும் நீர்க்கச் செய்து மறுபடி கொடுப்பாள். எத்தனை மடங்கில் மூக்கு தோற்கிறதோ அதுதான் எண். ஆக, அந்த வாசனையில்லாத தண்ணீர்தான் தராசுக்குப் படிக்கல். அதை வைக்க வேண்டிய குடுவையைத்தான் நான் உடைத்தேன்.

“இன்னொண்ணு அனுப்ப மூணு மாசம் ஆகுமாம்” என்றாள் அல்ஜியா, தொலைபேசியை வைத்துவிட்டு. “அடுத்த மாசம் அறிக்கை போகணும். என்ன செய்யறது ஷத்லி?”

“பானையில வையேன். கண்ணாடியில வச்சாத்தான் தண்ணியா?”

புதுப் பானை ஒன்றைச் சந்தையில் நானே வாங்கிவந்து கொடுத்தேன். அவள் அதை மூன்று நாள் ஊறவைத்துக் கழுவி, எல்லோரும் புதுப் பானையைப் பக்குவப்படுத்துகிற மாதிரிப் பக்குவப்படுத்தி, ஆய்வுக்கூட மூலையில் மணல்மேல் உட்காரவைத்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மூக்குக்காரர்கள் பன்னிரண்டு பேர். கதவில் விதிகளை எழுதி ஒட்டியிருந்தாள். காரம் தின்றுவிட்டு வரக்கூடாது. காப்பி, சிகரெட், மூக்குப்பொடி கூடாது. பூத்தைலம் கூடாது. சளி பிடித்தவர் வரக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சி சேரக்கூடாது, அவர்களுக்கு மூக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும், அந்தக் கணக்கு ஊருக்குப் பொருந்தாது. ரொட்டிக்கடை பெல்காஸிம் தினம் மாட்டிக்கொள்வான்.

“பொடி போட்டியா?”

“நேத்து போட்டது, அல்ஜியா.”

“நேத்து போட்டது இன்னிக்கு எப்படி மீசையில இருக்கு? போ, கழுவிட்டு வா. மூணு மாவட்டம் உன் மூக்கை நம்பி இருக்கு.”

“என் பொண்டாட்டியே நம்ப மாட்டா, மாவட்டம் எதுக்கு நம்புது?” என்று முனகிக்கொண்டே குழாயடிக்குப் போவான்.

ஆறு வாரம் நடந்தது. மேட்டுத் தொட்டித் தண்ணீரைக் கலக்காமல் அப்படியே வைத்துப் பார்த்தும் பன்னிரண்டு மூக்கில் ஒன்றுகூட அதைப் பிரித்துச் சொல்லவில்லை. வாசனையே இல்லை என்று அர்த்தம். அல்ஜியாவும் முகர்ந்து பார்த்தாள், அவளும் தோற்றாள். சந்தோஷமாகத் தோற்றாள். அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து, திங்கட்கிழமை கொண்டுபோகச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தொட்டியைத் திறந்துவைக்க ஆளுநர் வருவதாக இருந்தது. தெருவில் கொடி கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. அல்ஜியாவின் மகன் லஸாத் பாலைவனத்தில் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை. நாலு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவன் கட்டிக்கொண்டு வந்த பெண் ஸிஹாம் வடக்கே மலைப்பக்கம். வீட்டுக்குப் பின்னாலேயே ஊற்று ஓடும் ஊர். கோடையிலும் மழை பெய்யுமாம். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். வந்த நாளிலிருந்து அவளுக்கும், மரியாதையாக ‘லல்லா’ என்று அவள் கூப்பிடும் மாமியாருக்கும் தகராறு சமையலில் இல்லை, துணிமணியில் இல்லை, தண்ணீரில்தான்.

எங்கள் பக்கம் மழைத்தொட்டித் தண்ணீரை அப்படியே யாரும் குடிப்பதில்லை. பானையின் உள்வாயில் கத்ரான் தடவுவோம். மலைக்காட்டு மரக்கட்டையைச் சட்டியில் மூடிச் சுட்டு வடிக்கும் கருப்புத் தைலம் அது. ஒரு சொட்டு போதும், தண்ணீருக்கு ஒரு மணம் வரும், பூச்சி அண்டாது, தாகம் உடனே அடங்கும். விருந்தாளிக்குக் கத்ரான் போடாத தண்ணீரைக் கொடுத்தால் அவன் வெளியே போய்ச் சொல்லிக் காட்டுவான். ஸிஹாமோ முதல் மடக்கிலேயே முற்றத்துக்கு ஓடினாள்.

“தண்ணியில தார் விழுந்திருக்கு லல்லா.”

“தாரா? ஏம்மா, உங்க ஊர்ல கத்ரானே கிடையாதா?”

“இருக்கு. ஆட்டுக்குச் சொறி வந்தா தடவுவாங்க.”

இது சுவர் தாண்டி என் காதில் விழுந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அல்ஜியா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள் அவளே ஒரு சிறு கூஜாவைச் சோடாவில் கொதிக்கவைத்துத் தேய்த்து, கத்ரான் படாத தண்ணீரை அதில் தனியாக வைத்தாள். வாய்தான் அவளுக்குக் காரம். ஆனால் மே மாசம் முடிவதற்குள் மழைத்தொட்டி அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பாலைவனத்திலிருந்து சுடச்சுட வரும் ஷிஹிலிக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. வாயெல்லாம் மணல், கதவுக் கைப்பிடி சுட்டது. வெறும் தண்ணீரில் தொட்டி மண்ணின் வாடை ஏறி, பெண்ணுக்கு அதுவும் இறங்கவில்லை. தேநீரைக் குடித்தே காலம் தள்ளினாள். ரொட்டியை எண்ணெயில் தொட்டு இரண்டு வாய், அதோடு சரி. உதடு வெடித்துக் கிடந்தது.

அறிக்கையில் கையெழுத்துப் போட்ட வெள்ளிக்கிழமை மாலை அல்ஜியா மேட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு கேன் நிறையப் பிடித்து என் ஜீப்பில் ஏற்றினாள். வழியெல்லாம் ஒரே பேச்சு.

“இனிமே அவ எதுவும் சொல்ல முடியாது பாரு. பன்னெண்டு பேரு சோதிச்ச தண்ணி. உப்பு இல்ல, மண்ணு இல்ல, மணம் இல்ல. பிரசவம் இங்கதான். லஸாத்தைப் பெத்த அதே அறையில. அவங்கம்மா கூப்புடுறாளாம் வடக்கே. எதுக்குக் கூப்புடணும்? நான் செத்தா போயிட்டேன்?”

கேனை நான்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். ஸிஹாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அல்ஜியா கண்ணாடி டம்ளரை மூன்று தரம் கழுவி, ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். பெண் ஆசையோடு வாங்கினாள். வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

“கத்ரான் போட்டிருக்கீங்க.”

“போடலை மகளே. இது புதுத் தண்ணி. தொட்டியில இருந்து நேரா வருது.”

“போட்டிருக்கீங்க லல்லா. எனக்குத் தெரியுது. முந்தியை விட அதிகமாவே இருக்கு.”

“நான் பொய் சொல்றேனா?”

“நான் அப்படிச் சொல்லல...”

“வேற எப்படிச் சொல்ற? பன்னெண்டு பேரு மோந்து பார்த்தாங்க. நான் மோந்து பார்த்தேன். தலைநகர்ல சான்றிதழ் கொடுத்த மூக்கு இது! ஊத்துத் தண்ணி குடிச்ச திமிரு உனக்கு. எங்க வீட்டுத் தண்ணி நாறுது, எங்க பானை நாறுது, நாளைக்கு நாங்களே நாறுவோம்!”

ஸிஹாம் டம்ளரைக் கீழே வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“ஞாயித்துக்கிழமை காலையில வண்டி இருக்கு. எங்கம்மா வீட்டுக்குப் போறேன். உங்க மேல கோபம் இல்ல லல்லா. தாகமா இருக்கு, அவ்வளவுதான்.”

தாகமாக இருக்கிறது என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி சொல்லிக் கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்தது. “எதுக்குச் சண்டை? நாளைக்கு ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய் மூணு குப்பியை வை. தெரிஞ்சா தெரியட்டும், தெரியலைன்னா அவளே ஒத்துக்குவா” என்றேன்.

“பிள்ளைத்தாய்ச்சி மூக்கு செல்லாது” என்றாள் அல்ஜியா.

“கணக்குக்குத்தானே செல்லாது? வீட்டுச் சண்டைக்குச் செல்லும்.”

சனிக்கிழமை அலுவலகம் அரை நாள். எல்லோரும் போன பிறகு மூவரும் உள்ளே போனோம். அல்ஜியா வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டாள், மருமகளுக்கு முன்னால் அது வேண்டியிருந்தது போல. மூன்று குப்பிகளை வெதுவெதுப்பாக்கி வரிசையாக வைத்தாள். நடுவிலிருந்ததில் தொட்டித் தண்ணீர், இரண்டு ஓரத்திலும் பானைத் தண்ணீர்.

ஸிஹாம் முதல் குப்பியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இதுதான்.”

அல்ஜியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்துவிட்ட சிரிப்பு. “அடுத்தது.”

இரண்டாவதைத் திறந்தவள் கையால் மூக்கை மூடிக்கொண்டாள். “ஐயோ. இது ரொம்ப மோசம்.” மூன்றாவது. “இதுவும் நாறுது. முதல்ல பார்த்தது மாதிரி.”

“மூணும் நாறுதாம்!” அல்ஜியா கைதட்டினாள். “கேட்டியா ஷத்லி? ரெண்டுல ஒண்ணுமே கிடையாது மகளே. கரியில வடிச்ச தண்ணி. நாத்தம் குப்பியில இல்ல, உன் மனசுல இருக்கு.”

“ரெண்டுல உங்க வீட்டுப் பானை வாசனை இருக்கு லல்லா. நடுவுல இருக்கறதுல அதுக்கு மேல ரோடு போடுற வண்டி வாசனை இருக்கு. நீங்க மாத்தி வைங்க, நான் சொல்றேன்.”

அல்ஜியாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். துண்டை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுக் குப்பிகளை இடம் மாற்றினாள். ஸிஹாம் சரியாகச் சொன்னாள். மறுபடி மாற்றினாள். மறுபடி சரி. பாதிக்குப் பாதி கலந்தாள், கால் பங்காகக் கலந்தாள், எட்டில் ஒரு பங்காகக் கலந்தாள். பெண் ஒவ்வொரு தடவையும் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு விரலை மட்டும் நீட்டினாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எட்டாவது தடவை அல்ஜியாவின் கை பட்டு ஒரு குப்பி கவிழ்ந்தது.

அவள் மூலையில் இருந்த பானையிடம் போனாள். தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று பானைக்குள்ளிருந்து குரல் வந்தது. பிறகு கையை விட்டு உள்வாயைச் சுரண்டினாள். வெளியே எடுத்தபோது நகக்கண் கருப்பாக இருந்தது.

“நான்தான் தடவினேன்” என்றாள். “புதுப் பானை... தடவாம எப்படி... தடவினதே ஞாபகம் இல்ல ஷத்லி. கை தானா செஞ்சிருக்கு.”

பக்குவப்படுத்தும்போது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தைலச் சீசாவின் மூடி இறுகியிருந்ததால் திறந்து கொடுத்ததே நான்தான். பன்னிரண்டு பேர் ஆறு வாரம் அந்தத் தண்ணீரை முகர்ந்திருக்கிறார்கள். ஸிஹாம் சொன்ன ரோடு போடுற வண்டி வாசனை எதுவென்று இப்போது புரிந்தது, தொட்டியின் உட்பக்கம் பூசிய கருப்புப் பூச்சு சரியாகக் காயாமல் தண்ணீரில் இறங்குகிறது. அதற்கும் பானைத் தண்ணீருக்கும் அவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் யாராலும் முடியாது.

அல்ஜியா கரித்தூளில் புதிதாகத் தண்ணீர் வடித்தாள், நேரே கண்ணாடியில் பிடித்தாள். ஸிஹாம் முகர்ந்தாள். “இதுல ஒண்ணுமில்ல” என்றவள், யாரும் கேட்காமலே அதை எடுத்துக் குடித்துவிட்டாள். பிறகு இன்னொரு குப்பி. தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அல்ஜியா அதே புதுத் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். இப்போது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததோடு நில்லாமல், “எனக்கு இதுதான் நல்லாருக்கு ஷத்லி” என்று தொட்டித் தண்ணீரைக் காட்டினாள். அப்போதுதான் அவள் முகம் உடைந்தது.

ஸிஹாமை வீட்டில் விட்டுவிட்டு ஜீப்பிலேயே உட்கார்ந்து பேசினோம். இஞ்சின் அணைந்திருந்தது. கண்ணாடிமேல் மணல் அடித்துக்கொண்டே இருந்தது.

“உறையை என்கிட்ட திருப்பிக் குடு” என்றாள்.

“எதுக்கு?”

“கிழிக்க.”

“யோசிச்சுப் பேசு. அவ மூக்கு செல்லாது, நீயே எழுதி ஒட்டியிருக்க. வேற யாருக்கும் தெரியாது. நீ, நான், அந்தப் பொண்ணு. கத்ரான் குடிச்சு இங்க யார் செத்தா? எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் குடிச்சார்.”

“கத்ரானை நாம தெரிஞ்சு போடறோம். ஒரு சொட்டு. வேணாம்னா விட்டுடலாம், நான் அவளுக்குத் தனி கூஜா வைக்கல? இது யாரும் போடாம வருது. எவ்வளவு வருதுன்னு தெரியாது. என்ன பூச்சுன்னும் தெரியாது. அதுக்கு நான் ‘வாசனையில்லை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், மூணு மாவட்டத்துக்கும்.”

“பானையை மட்டும் மாத்திட்டு இன்னொரு தடவை சோதனை வையேன். காரணம் சொல்லாம.”

“திங்கட்கிழமை அறிக்கை போகணும். காரணம் சொல்லாம நிறுத்த விடுவாங்களா? கொடி வேற கட்டியாச்சு.”

“நிரந்தரம் ஆக்க மாட்டாங்க அல்ஜியா.”

“தெரியும்.”

“தொட்டியைச் சுரண்டிப் பூச அஞ்சு மாசம் ஆகும். பிரசவத்துக்கு இங்க தண்ணி இருக்காது. பேரனை நீ பார்க்க முடியாது.”

அங்கியின் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். “அதை ஏன் சொன்ன?” என்று மட்டும் கேட்டாள். நான் உறையை எடுத்துக் கொடுத்தேன். சொல்லியிருக்க வேண்டியதில்லைதான்.

மறுநாள் காலை ஸிஹாமின் பெட்டியை அல்ஜியாவே தூக்கிக்கொண்டு வாடகைக் கார் நிற்கும் இடத்துக்கு வந்தாள். வறுத்த பார்லி மாவு ஒரு டப்பா, பேரீச்சம்பழம், எண்ணெய் ஒரு போத்தல். கரித்தூளில் வடித்த தண்ணீர் மூன்று போத்தல், வழிக்கு.

“உன்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டேன்” என்றாள்.

“நீங்க சொல்லல லல்லா. ‘நான் பொய் சொல்றேனா’ன்னு உங்களைப் பத்தித்தான் கேட்டீங்க, அவ்வளவுதான்.”

“அதுவும் இதுவும் ஒண்ணுதான். போ. பத்திரமா பெத்துக்கோ. நல்ல தண்ணி குடி. தண்ணி சரியானதும் சொல்றேன்.” கார் திரும்பி மறைகிற வரைக்கும் நிமிர்ந்து நின்றவள், அதற்கப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். கார் ஓட்டிகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அவள் பொறியாளர் நஜீபின் மேஜைமேல் வைத்தது ஒரே பக்கம். பானை, கத்ரான், தேதி, தன் பெயர். நல்ல மனுஷர், இரண்டு தரம் படித்தார்.

“இதை எழுதாம இருந்திருக்கலாம் நீங்க” என்றார்.

“இருந்திருக்கலாம்.”

“யார் கண்டுபிடிச்சது?”

“என் மருமகள்.”

“அவங்க...”

“ஆமா, அஞ்சு மாசம். செல்லாதுன்னு எனக்கும் தெரியும். அதான் அவ பேரை எழுதல, என் பேரை எழுதியிருக்கேன்.”

ஆளுநர் வரவில்லை. கொடிகளை அவிழ்த்தார்கள். தொட்டியை வடித்து உள்ளே ஆள் இறங்கிச் சுரண்டினார்கள். மழைத்தொட்டிகள் வற்றிப்போனதால் அந்தக் கோடை முழுவதும் ஊர் கிணற்று உப்பைக் குடித்தது, வசதியிருந்தவர்கள் லாரித் தண்ணீர் வாங்கினார்கள். பழி முழுக்க அல்ஜியா தலையில். கிணற்றடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். பெல்காஸிம் ரொட்டியைக் கொடுத்துவிட்டு, “மீசையில பொடி இருக்குன்னு என்னைத் துரத்தின. கடைசியில பானையில நீ வச்சிருந்திருக்க” என்றான். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு, “ஆமா” என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் அவன் கடையைக் கண்டாலே எரிந்தது. இன்றுவரை அவனிடம் ரொட்டி வாங்குவதில்லை.

ஆய்வுக்கூடத்துக்குக் கடற்கரை நகரத்திலிருந்து ஒரு இளைஞனைத் தலைவனாகப் போட்டார்கள். அல்ஜியா பழையபடி குப்பி கழுவினாள். அவள் கழுவிய குப்பியில் ஒரு குறை சொல்ல முடியாது. புதுக் கண்ணாடிக் குடுவை வந்தபோது அதை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், வேறொருவனை ஓட்டச் சொல்லி. மூக்குக்காரர்களும் மாறினார்கள். பாதிப் பேர் வெளியூர்ப் பள்ளி ஆசிரியர்கள், தாதிமார். எண் நவம்பரில் போனது. முன்பு போகவிருந்ததற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அச்சான தாளில் அல்ஜியாவின் பெயர் எங்கும் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். குப்பி கழுவுகிறவளின் பெயரை யார் போடுவார்கள் என்று அவள் கேட்டாள்.

பேரன் செப்டம்பர் கடைசியில் வடக்கே பிறந்தான். லஸாத் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். டிசம்பர் முதல் வாரம் குழாயில் புதுத் தண்ணீர் வந்த அன்று அல்ஜியா என் வீட்டுத் தொலைபேசிக்கு வந்தாள். மறுமுனையில் ஸிஹாமின் குரல் எனக்கும் கேட்டது.

“வந்துடுச்சா லல்லா? நீங்க மோந்து பார்த்தீங்களா?”

“பார்த்தேன். என் மூக்கைக் கேட்காதே. நீ வந்து பாரு.”

ஒரு வாரம் கழித்து, தூறல் விழுந்துகொண்டிருந்த மத்தியானத்தில், பிள்ளையைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு ஸிஹாம் காரிலிருந்து இறங்கினாள். முற்றத்தில் நாலைந்து வீட்டுப் பெண்கள் கூடியிருந்தார்கள், பிள்ளையைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு. எல்லோர் கண்ணும் குழாய்மேல்தான். அல்ஜியா பிள்ளையைக்கூட வாங்கவில்லை, டம்ளரை நிரப்பி நீட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஸிஹாம் முகர்ந்தாள். ஒரு வாய் உறிஞ்சினாள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து முழுவதையும் குடித்து, டம்ளரை மறுபடி நீட்டினாள். இரண்டாவதையும் பாதி குடித்துவிட்டு மிச்சத்தை மாமியாரிடம் கொடுத்தாள்.

“நீங்களும் குடிங்க லல்லா.”

அல்ஜியா குடித்தாள். முகம் கோணியது. மறைக்கத்தான் பார்த்தாள், அவளால் முடியவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“எனக்குச் சப்புன்னுதான் இருக்கு” என்றாள். “தண்ணி குடிச்ச மாதிரியே இல்ல. உனக்கு நல்லாருக்குல்ல?”

“ரொம்ப நல்லாருக்கு.”

“அப்ப சரி” என்று டம்ளரைக் காலி செய்து கவிழ்த்து வைத்துவிட்டு, அல்ஜியா இரண்டு கையையும் நீட்டிப் பேரனை வாங்கிக்கொண்டாள்.